விடலைக் கணக்கு

அக்கா மகள் போன மாதம் தன் கைபேசியை என் முன்னால் நீட்டினாள். முப்பது வயதுக்குள் செய்து முடிக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல். தனியாக ஒரு பயணம். ஆறு மாதச் சம்பளம் சேமிப்பில். புதிதாக ஒரு மொழி. விடிகாலை ஐந்து மணிக்கு எழுவது. மியூச்சுவல் ஃபண்ட். உதவாத சிநேகிதங்களைக் கத்தரித்துவிடுவது. மொத்தம் முப்பது. அவள் ஏழுக்கு டிக் போட்டிருந்தாள்.

"இதுல நீங்க எத்தனை பண்ணீங்க மாமா?"

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். தனியாகப் பயணம் என்ற ஒன்றுதான் தேறியது. 1996 ஜூனில், சாத்தூரிலிருந்து சென்னைக்கு, ராத்திரி பஸ்ஸில், ஒரு சூட்கேசும் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையுமாக. அதைச் சொன்னால் சிரிப்பாள் என்று, ஒன்றுமில்லை என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

அவளுக்கு 23 வயது. ஓ.எம்.ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இரண்டு வருடமாக வேலை. அதை விட்டுவிட்டு ஒரு வருடம் சும்மா இருக்கப் போகிறாளாம். சும்மா என்றால்?

"சும்மான்னா சும்மாதான் மாமா. காலைல எந்திரிச்சு, இன்னிக்கு என்ன பண்ணலாம்னு யோசிக்கணும். அப்படி யோசிச்சே ரொம்ப நாளாச்சு."

சொல்லிவிட்டு அவளே பயந்தும் போகிறாள், நல்ல வயசு வீணாகிவிடுமோ என்று. அந்தப் பயத்துக்குக் கட்டிக்கொண்ட தாயத்துதான் பட்டியல்.

'இருபதுகள்' என்று இப்போது எழுதுகிறோம். சமீபத்தில் வந்து சேர்ந்த சொல். ஆயுளைப் பத்துப் பத்தாகக் கட்டுப்போட்டு வைக்கிற பழக்கம் செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் எழுதிய நம் பாட்டியல்காரர்களுக்கு இருக்கவில்லை. அவர்கள் வேறு மாதிரி கூறுபோட்டார்கள். பன்னிரு பாட்டியல் ஆணுக்குச் சொல்லும் கணக்கில் பதினாறு வயதுக்காரன் காளை. அதற்குமேல் முப்பது வரை விடலை. முப்பதைத் தாண்டினால் முதுமகன். காளையாக இருக்க ஒரே ஒரு வருடம், விடலையாக இருக்கப் பதினான்கு வருடம், பிறகு ஒரேயடியாகக் கிழம். பெண்ணுக்கு வேறு கணக்கு. உலா பாடியவர்கள் வீதியில் கொண்டுவந்து நிறுத்திய ஏழு பருவத்தில், அரிவை இருபதிலிருந்து இருபத்தைந்து வரை, தெரிவை முப்பத்தொன்று வரை, அதற்குமேல் பேரிளம்பெண். நூலுக்கு நூல் வயது கொஞ்சம் முன்பின்னாகும். வேலை மட்டும் மாறாது. தலைவன் உலா வரும்போது தெருவில் நின்று ஏங்க வேண்டும், அவ்வளவுதான். விடலை பழைய பாட்டில் பாலைநிலத் தலைவன், காட்டு வழியில் போகிறவன். இன்று அந்தச் சொல் பஸ் படிக்கட்டில் தொங்குகிறவனுக்கு வசையாகிவிட்டது என்றாலும் போகிறவன் போகிறவன்தான். நிற்கிறவள் நிற்கிறவள்தான். இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க வெகுகாலம் பிடித்தது.

1996இல் சென்னையில் நான் போய் இறங்கிய இடம் திருவல்லிக்கேணி. பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு மேன்ஷன். மூன்று மாடி, மாடிக்குப் பத்து அறை, அறைக்கு மூன்று கட்டில், தலைக்கு 350 ரூபாய். குளியலறை வாசலில் காலையில் ஆள் நிற்க வேண்டியதில்லை, பக்கெட் நின்றால் போதும். பக்கெட்டின் வரிசையை மாற்றியவனுக்கு அந்த வாரம் முழுக்க ஒருவனும் தீப்பெட்டி தரமாட்டான். யாருக்கும் யார் பெயரும் தெரியாது, ஊர்தான் பெயர். என் அறையில் ஒரு தஞ்சாவூர், ஒரு கோவில்பட்டி, நான் சாத்தூர். தஞ்சாவூர் சினிமாவில் உதவி இயக்குநர். எந்தப் படம் என்று கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு முழுக்கதையையும் சொல்வார், அதனால் யாரும் கேட்பதில்லை. கோவில்பட்டி மருந்துக் கம்பெனி ரெப். மாதக் கடைசியில் அவனுடைய சாம்பிள் டானிக்கே எங்கள் மூன்று பேருக்கும் இரவுச் சாப்பாடாக இருந்த நாட்கள் உண்டு. நான் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று பேர்.

படிக்கத்தான் கன்னிமாரா நூலகத்துக்குப் பஸ் ஏறுவேன். தேர்வுப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டு வேறு எதையாவது எடுத்து வருவேன். ஞாயிற்றுக்கிழமை பைகிராஃப்ட்ஸ் ரோட்டு நடைபாதையில் பழைய புத்தகம். (பாரதி சாலை என்று பெயர் மாறிவிட்டது; பேட்டைக்காரர் வாய்க்கு அது இன்னும் தெரியாது.) மாலையில் மெரினா, இருட்டும்வரை. மூன்று தேர்வு எழுதினேன், மூன்றிலும் என் எண் இல்லை. இப்படி ஐந்து வருடம். ஆறாவது வருடம் ஒரு பத்திரிகையில் மெய்ப்புத் திருத்துகிற வேலை கிடைத்தது, அதுவும் கோவில்பட்டி யாரிடமோ சொல்லி.

அந்த ஐந்து வருடமும் பாழ் என்று ரொம்ப நாள் புலம்பிக்கொண்டிருந்தேன். தலை நரைத்த பிறகு, என்னை ஆளாக்கியதே அந்த ஐந்து வருடம்தான் என்று மேடையில் பேச ஆரம்பித்தேன். கைதட்டுகிறார்கள். எனக்கு இப்போது இரண்டு பேச்சிலும் நம்பிக்கை போய்விட்டது.

கன்னிமாராவில் ஒருநாள் கணித மேதை ராமானுஜனின் வாழ்க்கை வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதில் எங்கள் பேட்டை வந்தது. 1912 பிப்ரவரி 9ஆம் தேதியிட்டு, சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை கேட்டு அவர் எழுதிய விண்ணப்பம். முகவரி, திருவல்லிக்கேணி, சம்மர் ஹவுஸ், 7. மெட்ரிகுலேஷன் தேறியதாகவும் எஃப்.ஏ. வரை படித்ததாகவும் சில பாதகமான சூழ்நிலைகளால் மேலே படிக்க முடியவில்லை என்றும் அதில் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேன்ஷனில் நாங்கள் முப்பது அறைக்காரர்களும் பயோடேட்டாவில் எழுதிக்கொண்டிருந்தது அதே வாக்கியம்தான்.

அந்தப் பாதகமான சூழ்நிலை என்னவென்றால், அவர் கணக்கைத் தவிர எதையும் படிக்க மறுத்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் கோட்டைவிட்டு உதவித்தொகை போனது. வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். திரும்பி வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1907இல் அங்கேயும் எஃப்.ஏ.வில் தோற்றார். அதோடு படிப்பு முடிந்தது. அப்போது வயது இருபதை எட்டவில்லை. அதன்பிறகு துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளம் கிடைத்த 1912 மார்ச் வரை, இருபதுகளின் முதல் பாதி முழுக்க, உருப்படியான உத்தியோகம் கிடையாது. கணக்குத் தலைமை அலுவலகத்தில் 20 ரூபாய்க்குச் சில வாரம் இருந்தார். மற்றபடி சாரங்கபாணி சன்னிதித் தெரு வீட்டுத் திண்ணையில் சிலேட்டும் பலப்பமும். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாது என்று சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். தெருவில் போகிறவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? கல்யாணமான பையன் திண்ணையில் சிலேட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

1910இல் அவர் திருக்கோவிலூர் போய் டெபுடி கலெக்டர் வி. ராமசுவாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தை உண்டாக்கிய மனிதர் அவர். நோட்டைப் பார்த்துவிட்டு, இந்த ஆளைத் தாலுகா ஆபீஸில் போட்டு அமுக்க மனமில்லாமல் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டார். ஆள்மேல் ஆளாகக் கைமாறி, கடைசியில் நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் முன்னால் போய் நின்றார் ராமானுஜன். உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டதற்குக் கிடைத்த பதிலை ராவ் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். ராமானுஜன் கேட்டது ஓய்வு. பாடுபடாமல் சாப்பாடு கிடைக்க வேண்டும், கனவு காண விட வேண்டும், அவ்வளவுதான். ராவ் மாதம் 25 ரூபாய் அனுப்பினார்.

நான் மேன்ஷன் கட்டிலில் படுத்துக்கொண்டு இதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கும் வேண்டியது அதேதான். எனக்கு யாரும் நெல்லூரிலிருந்து அனுப்பவில்லை என்று வருத்தம்.

1913 ஜனவரி 16இல் கேம்பிரிட்ஜ் கணிதக்காரர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தனக்கு ஏறக்குறைய 23 வயது என்கிறார் ராமானுஜன். அவர் பிறந்தது 1887 டிசம்பர். அன்று 25 முடிந்திருந்தது. மறதியோ, வேறெதுவோ. அந்த இரண்டு வருடத்தை அவர் கழித்துவிட்டார் என்பதைப் படித்தபோது அந்த மேதையை முதல்முறையாக எனக்குத் தெரிந்த ஆள்போல உணர்ந்தேன். என் பயோடேட்டாவிலும் ஒரு வருடம் காணாமல் போயிருந்தது.

ஹார்டி ஈவு இரக்கமில்லாமல்தான் தீர்ப்பு எழுதினார். கணிதக்காரனுக்குப் பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவிலுள்ள வருடங்களே முக்கியம், ராமானுஜனுக்குச் சேதம் நடந்தது அங்கேதான், இளம் வயதில் இறந்ததைவிட அதுவே பெரிய துயரம் என்பது அவர் கருத்து. நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவில் எப்போதோ கண்டுபிடித்து முடித்த பலவற்றை, சொல்லித்தர ஆளில்லாமல், திண்ணையில் தனியாக மறுபடி கண்டுபிடித்தார் ராமானுஜன். ஆனால் நோட்டுகள் பெரும்பாலும் நிரம்பியதும் அந்த வேலையற்ற வருடங்களில்தான். அவற்றில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள். அவற்றுக்கு நிரூபணம் எழுதி அமெரிக்கக் கணிதக்காரர் புரூஸ் பெர்ண்ட் ஐந்து தொகுதிகளாகப் பதிப்பித்து முடிக்க 1985இலிருந்து 1998 வரை ஆனது. ஹார்டியோடு வாதாட எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் எஃப்.ஏ. தேறி, தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து, மாலையில் கணக்குப் போடுகிற ராமானுஜனை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் மேடையில் கைதட்டல் வாங்குவேன். சும்மா இருங்கள், சும்மா இருப்பதில்தான் எல்லாம் விளைகிறது என்று. முப்பது அறையில் தொண்ணூறு பேர் சும்மா இருந்தோமே, அதில் என்ன விளைந்தது? தஞ்சாவூர் முப்பத்துநாலு வயதில் ஊருக்குத் திரும்பி ஒரத்தநாட்டில் உரக்கடை வைத்தார். போன வருடம் போயிருந்தேன். யூரியா வாங்க வந்த ஆட்கள் மூட்டையைத் தூக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள், அவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் தோல்வி என்று என்னால் எழுத முடியாது. வென்றவன் சும்மா இருந்தால் தவம், மற்றவன் சும்மா இருந்தால் சோம்பல் என்று ஊர் பிற்பாடு பேர் வைக்கிறது. அறைக்குள் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

என்னை உறுத்துவது வேறு. சும்மா இருக்கிறவனுக்கு யார் சோறு போட்டது?

ராமச்சந்திர ராவின் 25 ரூபாய் வரலாற்றில் ஏறிவிட்டது. ராமானுஜனின் அம்மா கோமளத்தம்மாள் வெளியூர்க் கல்லூரிப் பையன்களை வீட்டில் வைத்துச் சமைத்துப்போட்டும், கோயில் பஜனையில் பாடியும் குடும்பத்தை ஓட்டினார். துணிக்கடைக் குமாஸ்தாவான அப்பாவின் சம்பளத்தில் எத்தனை வயிறு நிரம்பும்? பிறகு மனைவி ஜானகி. 1899இல் பிறந்தவர். 1909இல் கல்யாணமானபோது பத்து வயது. கணவர் கப்பலேறிய 1914 மார்ச்சில் பதினைந்துகூட நிரம்பவில்லை. ஐந்து வருடம் கழித்து நோயாளியாகத் திரும்பியவரை ஓராண்டு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். 1920 ஏப்ரல் 26இல் ராமானுஜன் இறந்தபோது ஜானகிக்கு 21.

ஆக, ராமானுஜனின் இருபதுகள் முடிந்து கணக்கு மூடப்பட்ட இடத்தில் ஜானகியின் இருபதுகள் ஆரம்பிக்கின்றன, விதவைக் கோலத்தில். பம்பாயில் சகோதரர் வீட்டுக்குப் போனார். தையல் கற்றார், கொஞ்சம் ஆங்கிலம் கற்றார். முப்பதுகளின் தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியிருந்து, தைத்தும் தையல் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தார். பிற்பாடு ஒரு பையனை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே சிலை என்று முதுமையில் அவர் கேட்டது பத்திரிகையில் வந்து, அமெரிக்காவில் கணிதப் பேராசிரியர் ரிச்சர்ட் ஆஸ்கியின் முயற்சியில் உலகத்துக் கணிதக்காரர்கள் பணம் போட்டு, பால் கிரான்லண்ட் என்ற சிற்பி வடித்த மார்பளவுச் சிலை ஜானகியிடம் வந்து சேர்ந்தது. 1994 ஏப்ரலில் காலமானார். நான் சூட்கேசோடு போய் இறங்கியதற்கு இரண்டு வருடம் முன்பு. அந்தப் பேட்டையில் ஐந்து வருடம் ராமானுஜனை நினைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன். ஜானகி குடியிருந்த தெரு எது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்கும் நெல்லூர் இருந்தது. அதன் பெயர் சாத்தூர்.

அப்பா ஒரு நிப்புப் பட்டறையில் கணக்கு எழுதினார். சாத்தூர் நிப்பு ஒரு காலத்தில் பேர்போனது. பால்பாயிண்ட் பேனா வந்து அந்தத் தொழிலை விழுங்கியது. பட்டறை மூடியபோது நான் பத்தாவது. அக்கா பிளஸ் டூவில் கணக்கில் 191. இரண்டு வருடம் கழித்து நான் 163. ஒருவரைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்ற நிலையில் எங்கள் வீட்டில் இதைப் பற்றி விவாதமே நடக்கவில்லை. 163 போனது. அக்கா மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்துகொண்டு, பகலில் ஒரு நர்சரிப் பள்ளியில் 1,100 ரூபாய்க்கு வேலை பார்த்தாள். மாலையில் டியூஷன். மாதம் பிறந்தால் எனக்கு 400 ரூபாய் மணியார்டர். ஃபாரத்தின் அடியில் சேதி எழுத விட்டிருக்கும் இடத்தில் இரண்டு வரி எழுதுவாள். பெரும்பாலும் நலம், நன்றாகப் படி. ஒருமுறை அந்த இடத்தில் ஒரு கணக்கு இருந்தது, முடிவிலாத் தொடர் ஒன்று. இது எனக்கு வரவில்லை, நீ போட்டுப் பார் என்று கீழே எழுதியிருந்தாள். எனக்கும் வரவில்லை. பதில் எழுதவில்லை.

தம்பிக்கு வேலை கிடைக்கட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். நான் மெய்ப்புத் திருத்தப் போன 2001இல் அவளுக்குக் கல்யாணம் ஆனது. வயது 29. அரிவை முடிந்து தெரிவையும் பாதி போயிருந்தது.

1998இல் ஒருதரம் வடபழனியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தவள், மேன்ஷனைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். பெண்களை உள்ளே விடமாட்டார்கள். வாட்ச்மேன் வந்து, "சாத்தூர், உங்க அக்காவாம்" என்றார். கீழே போனால் கரண்ட் கம்பத்தடியில் கையில் ஒரு தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருக்கிறாள். நான் தூங்கி எழுந்த முகம். மணி பதினொன்றரை. ரத்னா கஃபேக்குக் கூட்டிப்போனேன். சாப்பிட்டு வெளியே வந்து, "கடல் எந்தப் பக்கம்டா?" என்றாள். கைகாட்டினேன். நடந்தால் பத்து நிமிடம். பாரிமுனையில் ஊர்க்காரர்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆட்டோ ஏறிவிட்டாள். நான் அன்று மாலை வழக்கம்போல் கடற்கரைக்குப் போனேன்.

இதையெல்லாம் போன ஞாயிறு திருவல்லிக்கேணியில் நடந்துகொண்டே அக்கா மகளிடம் சொன்னேன். மேன்ஷன் இருக்கிறது, போர்டு புதுசு, ஜன்னலுக்கு ஜன்னல் ஏ.சி. பெட்டி. அவள் நிமிர்ந்து மூன்றாம் மாடியைப் பார்த்தாள். பட்டியலைப் பற்றி அன்று அவள் பேச்சே எடுக்கவில்லை. கணக்கு வேறு மாதிரி போட்டு வைத்திருந்தாள்.

"என் காசுலதான் மாமா சும்மா இருக்கப் போறேன். யார்ட்டயும் கேக்க மாட்டேன். ஊர்ல மாடி கட்டின லோன் மட்டும் மாசம் 14,000 போகுது. எல்லாம் சேத்துப் பாத்தா பத்து மாசம் தாங்கும்."

"மிச்சம் ரெண்டு மாசம்?"

"அம்மா மறுபடி டியூஷன் எடுக்கறேன்னு நிப்பா. அதான் இன்னும் சொல்லல."

அந்த இரண்டு மாதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். பிறகு, பார்க்கலாம் என்றாள். ரத்னா கஃபேயில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சாம்பாருக்குள் இட்லி மூழ்கிக் கிடந்தது.

"அன்னிக்கு அம்மா இங்க என்ன சாப்பிட்டா?"

யோசித்தேன். ராமானுஜனின் துறைமுகச் சம்பளம் ஞாபகம் இருக்கிறது, அவர் முகவரியின் கதவு எண் ஞாபகம் இருக்கிறது. இது வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைபேசியை எடுத்தாள். அக்கா குரல் ஸ்பீக்கரில் கேட்டது, பின்னால் குக்கர் விசில்.

"ரத்னா கஃபேயா? அது இருக்கும் இருபத்தேழு வருசம். உங்க மாமன் ரெண்டு பிளேட் இட்லி, ஒரு வடை. நான் காப்பி குடிச்சேன். எதுக்குடி கேக்குற?"

"சும்மாதாம்மா."

"சும்மா கேக்கறதுக்கு ஞாயித்துக்கெழமை ஒரு போனா" என்றாள் அக்கா.